வாசல் வரிக் காகிதத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்



தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு வரிக் காகிதம் என்ற ஒன்று வீடு தேடி வந்ததே இல்லை. நிலம் நிர்வாகத்தினுடையது, வீடும் நிர்வாகத்தினுடையது. கூரை ஒழுகினால் கிராணியிடம் சொன்னோம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் மண்டோரிடம் சொன்னோம். நிலத்திற்கும் கட்டடத்திற்கும் யார் வரி கட்டினார்கள், எவ்வளவு கட்டினார்கள் என்று நம் தாத்தாவும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. சம்பளச் சீட்டில் என்ன பிடித்தம் என்று பார்ப்பதோடு நம் கணக்கு முடிந்துவிடும்.

இன்று நிலைமை அப்படி இல்லை. தோட்டங்கள் பல வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. பிள்ளைகள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். சேமநிதிப் பணத்தையும் தோட்டம் கொடுத்த இழப்பீட்டையும் சேர்த்துப் போட்டு, வங்கிக் கடனும் வாங்கி, தீவில் ஓர் அடுக்குமாடி வீடோ, பெருநிலத்தில் ஒரு மலிவு விலை வீடோ வாங்கியிருக்கிறோம். "வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்றார்கள் பெரியவர்கள். கட்டி முடித்த பிறகு என்ன பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. அதைத்தான் இந்த இதழில் பேசப் போகிறோம்.

சாவி கைக்கு வந்த சில மாதங்களில் மலாய் மொழியில் அச்சிட்ட ஒரு காகிதம் வருகிறது. தொகையை மட்டும் பார்க்கிறோம். பிறகு அது காலண்டருக்குப் பின்னால் செருகப்படுகிறது, அல்லது சாமி படத்தின் கீழ் போய்ப் படுத்துக்கொள்கிறது. அடுத்த ஆறு மாதத்தில் அதற்குத் துணையாக இன்னொன்று வந்து சேர்கிறது.

அந்தக் காகிதம் வெறும் பணம் கேட்கும் சீட்டு அல்ல. உங்கள் வீட்டை ஊராட்சி மன்றம் என்ன மதிப்புக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது, யாரை உரிமையாளராகப் பதிந்து வைத்திருக்கிறது, எந்த முகவரிக்குக் கடிதம் அனுப்புகிறது என்ற மூன்று செய்திகள் அதில் இருக்கின்றன. மூன்றில் எது தவறாக இருந்தாலும் திருத்தச் சொல்லலாம். அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் காகிதத்தைப் படித்தவருக்குத்தான் அந்த வழி திறக்கும்.

மூன்று காகிதங்கள், மூன்று கைகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சொந்த வீட்டுக்காரருக்கு ஒரே விதமான காகிதம் வருவதில்லை. மூன்று விதம் வருகிறது. மூன்றையும் "வீட்டு வரி" என்று ஒரே பெயரில் அழைப்பதால்தான் பலர் ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதையும் கட்டிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒன்று, மதிப்பீட்டு வரி. மலாயில் சுக்காய் தக்சிரான் என்பார்கள். பேச்சு வழக்கில் சுக்காய் பிந்து. இது ஊராட்சி மன்றத்துக்குப் போகும் பணம். தீவில் இருப்பவர்கள் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்கும், பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் பக்கம் இருப்பவர்கள் செபராங் பிறை மாநகர் மன்றத்துக்கும் கட்ட வேண்டும். வருடத்துக்கு இரண்டு தவணை. முதல் தவணைக்குப் பிப்ரவரி மாதக் கடைசி நாள். இரண்டாம் தவணைக்கு ஆகஸ்டு 31.

இரண்டாவது, நில வரி. சுக்காய் தானா என்று கேட்டிருப்பீர்கள். இது மாநில அரசுக்கு உரியது. நில அலுவலகத்தின் கணக்கில் சேரும். வருடத்துக்கு ஒரு முறை, மே 31-க்குள் கட்ட வேண்டும். அடுக்குமாடி வீட்டுக்குத் தனி உரிமைப் பத்திரம் வந்துவிட்டால், இதே வரி சுக்காய் பெத்தாக் என்ற பெயரில் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் தனித்தனியாக வருகிறது.

மூன்றாவது, அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மட்டும் வரும் பராமரிப்புக் கட்டணம். மின்தூக்கி, படிக்கட்டு விளக்கு, காவலர், சாயம் பூசுதல் போன்ற செலவுகளுக்கு அந்தக் கட்டடத்தின் நிர்வாகக் குழு வசூலிப்பது இது. இது வரியே அல்ல. ஆனால் 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி கட்டியே ஆக வேண்டிய கடன். "மாநகர் மன்றத்துக்குத்தான் கட்டிவிட்டோமே, மின்தூக்கி ஏன் ஓடவில்லை?" என்று சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மாநகர் மன்றத்துக்கும் அந்த மின்தூக்கிக்கும் சம்பந்தம் கிடையாது.

எனவே காகிதம் வந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல; தலைப்பில் யார் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது என்பதை.

வாசலை எண்ணுகிறார்களா?

பிந்து என்றால் வாசல், கதவு. "எங்கள் வீட்டில் இரண்டு கதவு, பக்கத்து வீட்டில் மூன்று கதவு, எப்படி ஒரே வரி?" என்று ஒரு பாட்டி என்னைக் கேட்டார். சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல அது. உலகத்தில் அப்படியும் வரி போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை சன்னலை எண்ணி வரி வசூலித்தார்கள். வரியிலிருந்து தப்ப மக்கள் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு இருட்டிலும் புழுக்கத்திலும் குடியிருந்தார்கள். பிரான்சு நாட்டில் 1798-இல் வந்த கதவு, சன்னல் வரி 1926 வரை நீடித்தது. நம் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் மனை இறை என்று வீட்டு மனைக்கான வரி பேசப்படுகிறது. குடியிருக்கும் இடத்துக்கு வரி என்பது வெள்ளைக்காரன் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல.

பினாங்கிலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1800-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் டவுனில் மதிப்பீட்டாளர் குழு ஒன்றை அமைத்தார்கள். இன்று கொம்தார் கட்டடத்தில் அலுவலகம் வைத்திருக்கும் மாநகர் மன்றத்தின் வேர் அங்கே இருக்கிறது. வீட்டை மதிப்பிடுவதற்குக் கூடிய குழுவே நாளடைவில் நகரை ஆளும் மன்றமாக வளர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இப்போது கதவையும் எண்ணுவதில்லை, சன்னலையும் எண்ணுவதில்லை. அப்படியானால் எதைக் கொண்டு கணக்கிடுகிறார்கள்?

கணக்கு எப்படி வருகிறது?

1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் எண் 171. அந்தச் சட்டம் இரண்டு வழிகளைக் கொடுக்கிறது. ஆண்டு மதிப்பு என்பது ஒன்று. கட்டடத்தோடு சேர்த்த சொத்தின் விலை மதிப்பு என்பது இன்னொன்று. பினாங்கு உட்பட பெரும்பாலான மாநிலங்கள் ஆண்டு மதிப்பை வைத்துக் கணக்கிடுகின்றன. ஜொகூர் மாநிலம் விலை மதிப்பை வைத்துக் கணக்கிடுகிறது. ஆகவே ஜொகூரில் இருக்கும் உங்கள் மைத்துனரின் வரிக் காகிதத்தையும் உங்களுடையதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டாம்; இரண்டும் வேறு வேறு அளவுகோல்.

ஆண்டு மதிப்பு என்றால், அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு நியாயமாக எவ்வளவு வாடகை கிடைக்கும் என்ற மதிப்பீடு. நீங்கள் வாடகைக்கு விட்டிருக்க வேண்டும் என்பதில்லை. இங்குதான் நம்மவர்கள் பலர் கோபப்படுகிறார்கள். "நான்தானே குடியிருக்கிறேன், எனக்கு யார் வாடகை கொடுத்தார்கள்?" என்கிறார்கள். இது உங்கள் வருமானத்துக்குப் போட்ட வரி அல்ல. வீடுகளுக்குள் பெரியது எது, சிறியது எது, நல்ல இடத்தில் இருப்பது எது என்று பிரித்தறிய எடுத்துக்கொண்ட ஓர் அளவுகோல், அவ்வளவுதான்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். எண்கள் நாம் விளங்கிக்கொள்வதற்காக எடுத்தவை. உங்கள் காகிதத்தில் வேறாக இருக்கும். ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு மாதம் 500 வெள்ளி வாடகை கிடைக்கும் என்று மதிப்பிட்டால், ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளி. மன்றம் நிர்ணயித்த விகிதம் 8 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், வருட வரி 480 வெள்ளி. இரண்டாகப் பிரித்தால் ஒரு தவணைக்கு 240 வெள்ளி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும் கணக்கு இது. உங்கள் வீட்டுப் பிள்ளையிடமே கொடுத்துப் போடச் சொல்லுங்கள். கணக்கும் படிந்தது போலாகும், வீட்டுக் காரியமும் தெரிந்தது போலாகும்.

விகிதத்தை மன்றம் மனம் போனபடி ஏற்ற முடியாது. மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் உச்சவரம்பும் வைத்திருக்கிறது.

ஆகவே வரித் தொகைக்குப் பின்னால் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று மதிப்பு, மற்றொன்று விகிதம். மதிப்பு இரண்டு மடங்கு ஆனதாகக் காகிதத்தில் கண்டு பதறுகிறவர்கள், விகிதம் இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன வீட்டின் மதிப்பு 12,000 வெள்ளியாக உயர்ந்து, விகிதம் 5 விழுக்காடாக இறங்கினால், வருட வரி 600 வெள்ளி. உயர்வுதான், ஆனால் இரண்டு மடங்கு அல்ல.

மறுமதிப்பீடு வரும் வருடம்

சட்டத்தின் எதிர்பார்ப்பு, மதிப்புப் பட்டியலை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதிதாகத் தயாரிக்க வேண்டும் என்பது. மாநில அரசு அந்தக் காலத்தை நீட்டிக்கவும் இடம் உண்டு. நடைமுறையில் அது வெகுகாலம் நீண்டுவிடுகிறது. பினாங்குத் தீவில் 2005-க்குப் பிறகு 2020-ஆம் ஆண்டில்தான் புதிய மதிப்பு நடைமுறைக்கு வந்தது. பதினைந்து வருடத்தில் வாடகை எவ்வளவு மாறியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பதினைந்து வருட உயர்வும் ஒரே காகிதத்தில் வந்து விழும்போது யாருக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும்.

தலைநகரில் நடந்ததைக் கேளுங்கள். கோலாலம்பூர் மாநகர் மன்றம் 1992-க்குப் பிறகு 2013-ஆம் ஆண்டு இறுதியில் மறுமதிப்பீட்டு அறிவிப்புகளை அனுப்பியது. மதிப்பு ஏறிய வேகத்தைக் கண்டு மக்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபக் கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு வீடுகளுக்கான விகிதத்தை 6 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைத்தார்கள். கூச்சல் போட்டதால் மட்டும் அது நடக்கவில்லை. சட்டம் கொடுத்த காலத்துக்குள், எழுத்து மூலமாக, வீட்டுக்கு ஒன்றாகக் கடிதம் போனது. அந்தக் குவியலை யாரும் ஒதுக்கிவிட முடியவில்லை.

ஆட்சேபம் செய்வது எப்படி?

புதிய மதிப்பைப் பற்றிய அறிவிப்பு உங்களுக்கு வரும்போது, பட்டியலைப் பரிசீலிக்கும் நாள் இன்னது என்று அதில் குறித்திருப்பார்கள். அந்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக உங்கள் ஆட்சேபம் எழுத்து மூலம் போய்ச் சேர வேண்டும். வாயால் சொல்வது கணக்கில் வராது. முகப்பில் இருக்கும் அலுவலரிடம் எவ்வளவு நேரம் பேசினாலும், காகிதம் கொடுக்காவிட்டால் நீங்கள் ஆட்சேபம் செய்யவில்லை என்றுதான் பொருள்.

என்ன காரணம் சொல்லலாம்? சட்டம் சில காரணங்களைத்தான் ஏற்கிறது. உங்கள் வீட்டை அதன் தகுதிக்கு மேல் மதிப்பிட்டிருக்கிறார்கள் என்பது ஒன்று. வரி போடக் கூடாத சொத்துக்கு வரி போட்டிருக்கிறார்கள் என்பது ஒன்று. பட்டியலில் சேர்க்கக் கூடாததைச் சேர்த்துவிட்டார்கள், சேர்க்க வேண்டியதை விட்டுவிட்டார்கள் என்பதும் காரணம்தான். ஒன்றாக மதிப்பிட வேண்டியதைத் தனித்தனியாகவோ, தனித்தனியாக மதிப்பிட வேண்டியதை ஒன்றாகவோ எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம்.

"எங்களிடம் பணம் இல்லை", "நாங்கள் ஏழைகள்", "மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள்" என்று எழுதினால் மனம் இரங்கலாம், மதிப்பு இறங்காது. அது உண்மையாக இருந்தாலும் அந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டிய காரணம் அல்ல. அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: வீட்டின் பரப்பளவு இவ்வளவு, அறைகள் இத்தனை, மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் நான்காம் மாடி, இதே கட்டடத்தில் இதே அளவு வீடு மாதம் இன்ன தொகைக்குத்தான் வாடகைக்குப் போகிறது, ஆகவே நீங்கள் போட்ட மதிப்பு அதிகம். பக்கத்து வீட்டுக்காரரின் காகிதத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே மாதிரி வீட்டுக்கு வேறு வேறு மதிப்பு இருந்தால் அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

கடிதத்தை மலாயில் எழுத வேண்டும். முடியாதவர்கள் படித்த பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அருகில் உள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியரைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். ஒரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள். முடிவு உங்களுக்குத் திருப்தி இல்லாவிட்டால் உயர் நீதிமன்றம் வரை மேல்முறையீடு செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவ்வளவு தூரம் போகிறவர்கள் சிலரே. ஆனால் கடிதம் எழுதுவது எல்லாராலும் முடியும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? மலாயாவிலேயே முதன்முதலாக ஊராட்சித் தேர்தல் நடந்த இடம் ஜார்ஜ் டவுன், ஆண்டு 1951. 1957 சனவரி முதல் நாள் ஜார்ஜ் டவுன் மாநகர் தகுதி பெற்றபோது அதன் முதல் மேயராக இருந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன். அவர் பெயரில் இன்றும் பினாங்கில் ஒரு சாலை இருக்கிறது. 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. நாம் மேலே பேசிய அதே 1976-ஆம் ஆண்டுச் சட்டம், மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கலாம் என்று வைத்துவிட்டது. வரி கட்டுகிறவர்கள் மன்றத்துக்கு ஓட்டுப் போட்டு ஆளை அனுப்பும் காலம் அதோடு போயிற்று. ஓட்டு இல்லாத இடத்தில், வரி கட்டுகிறவருக்குச் சட்டம் விட்டு வைத்திருக்கும் குரல் அந்த ஆட்சேபக் கடிதம்தான். அதையும் நாம் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

யார் பெயரில் வருகிறது?

இனி, நம் குடும்பங்களில் அதிகமாகச் சிக்கல் வரும் இடத்துக்கு வருகிறேன்.

என்னிடம் படித்த ஒரு மாணவர், இப்போது தீவில் தொழிற்சாலை வேலையில் இருப்பவர். அவர் தகப்பனார் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, சேமநிதிப் பணத்தில் ஆயிர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கினார். தகப்பனார் காலமானார். காகிதம் மட்டும் அவர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. அண்ணன் கட்டுகிறார் என்று தம்பி நினைத்தார். வீட்டில் குடியிருக்கும் தம்பி கட்டுகிறார் என்று அண்ணன் நினைத்தார். அம்மாவுக்கு மலாய் படிக்கத் தெரியாது. காகிதங்களை மட்டும் ஒன்றுவிடாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். ஆறு வருடம் கழிந்து, நிலுவையும் அபராதமும் சேர்ந்து, கைப்பற்றும் ஆணை வரும் என்று எச்சரிக்கை வந்த பிறகுதான் டின்னைத் திறந்தார்கள்.

பணத்தை எப்படியோ புரட்டிக் கட்டிவிட்டார்கள். அதைவிடப் பெரிய சிரமம் பிறகுதான் வந்தது. அம்மாவின் சிகிச்சைக்காக வீட்டை விற்கலாம் என்று பார்த்தால், வீடு இன்னும் இறந்தவர் பெயரில் இருந்தது. பிள்ளைகள் நால்வர், ஒருவர் சிங்கப்பூரில், ஒருத்தி கணவர் வீட்டில், பேச்சு வார்த்தை இல்லை. எல்லாருடைய சம்மதமும் கையெழுத்தும் வாங்கி முடிப்பதற்குள், வாங்க வந்தவர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

இப்படி ஆகாமல் இருக்கச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீடு விற்கப்பட்டால் அல்லது கைமாறினால், விற்றவர், வாங்கியவர் இருவருமே 3 மாதத்துக்குள் ஊராட்சி மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காத வரை விற்றவரின் தலையிலிருந்து வரிப் பொறுப்பு இறங்காது. வீட்டை விற்றுவிட்டோம், நமக்கென்ன என்று இருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டால், வாரிசாக வருகிறவர் ஒரு வருடத்துக்குள் அறிவிக்க வேண்டும்.

மன்றத்தில் பெயர் மாற்றுவது ஒரு பாதிதான். மறு பாதி நில அலுவலகத்தில் இருக்கிறது. இறந்தவர் உயில் எழுதாமல் போய், விட்டுச் சென்றது ஒரு வீடும் கொஞ்சம் சேமிப்பும் மட்டுமே என்றால், 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்படி நில அலுவலகத்திலேயே விண்ணப்பம் செய்து முடிக்கலாம். நம்மில் பெரும்பாலோரின் சொத்து அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் அடங்கிவிடும். வாரிசுகள் எல்லாரும் ஒரே ஊரில், ஒரே மனத்தோடு இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. துக்க வீட்டில் சொத்துப் பேச்சு எடுக்கக் கூடாது என்பார்கள். சரி, கருமாதி முடியட்டும். அதற்குப் பிறகும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. "இருபது வருடமாக நான்தான் வரி கட்டுகிறேன், ரசீது எல்லாம் வைத்திருக்கிறேன்" என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிய வீடாக இருக்கும். கிராண்டில் வேறு ஒருவர் பெயர் இருக்கும். நம் நாட்டு நிலச் சட்டத்தில் கிராண்டில் யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். ரசீது நீங்கள் பணம் கட்டினீர்கள் என்பதைத்தான் காட்டும்.

கட்டாவிட்டால் என்ன ஆகும்?

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மதிப்பீட்டு வரி அந்த வீட்டின் மேலேயே நிற்கும் கடன். நிலுவை இருந்தால் முதலில் அறிவிப்பு வரும். அதற்கும் கட்டாவிட்டால் கைப்பற்றும் ஆணை பிறப்பித்து, வீட்டில் இருக்கும் அசையும் பொருள்களை எடுத்துப் போகலாம். அந்தப் பொருள் வாடகைக்குக் குடியிருப்பவருடையதாக இருந்தாலும் எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. எனவே வாடகை வீட்டில் இருக்கும் வாசகர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்காரரின் நிலுவையைக் குடியிருப்பவர் கட்ட நேர்ந்தால், அதை வாடகையில் கழித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. ரசீது கையில் இருக்கட்டும். பொருளை விற்றும் கடன் தீராவிட்டால், நீதிமன்றத்தின் வழியாக வீட்டையே விற்கும் வரை போகலாம்.

நில வரி விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமை. மே 31 தாண்டினால் அது நிலுவை. நில அலுவலகம் 6ஏ என்ற படிவத்தில் கோரிக்கை அறிவிப்பு அனுப்பினால், அதில் கொடுத்த 3 மாதத்துக்குள் கட்டியாக வேண்டும். கட்டாத நிலம் அரசுக்கே திரும்பிப் போகலாம். சிறிய தொகைக்காக வாழ்நாள் உழைப்பைப் பணயம் வைப்பது அறிவாகுமா?

ஒரே முறையில் கட்ட முடியாத நிலை வந்தால் ஒளிந்துகொள்ளாதீர்கள். அறிவிப்பு வந்தவுடன் நேரில் போய், தவணையில் கட்ட அனுமதி கேளுங்கள். மலிவு விலை வீடுகளுக்கும் கம்பத்து வீடுகளுக்கும் அவ்வப்போது சலுகை அறிவிப்பார்கள். அதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாடகைக்கு விடும் வீடு ஆள் கிடைக்காமல் ஒரு மாதமோ அதற்கு மேலோ காலியாகக் கிடந்தால், வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கவும் இடம் உண்டு. ஆனால் வீடு குடியிருக்கத் தகுந்த நிலையில் இருந்திருக்க வேண்டும். நியாயமான வாடகைக்கு ஆள் தேடியதையும் காட்ட வேண்டும்.

இந்தப் பணம் எங்கே போகிறது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். குப்பை வண்டி, சாக்கடை, தெருவிளக்கு, மன்றத்துச் சாலை, சந்தை, பூங்கா எல்லாம் இதிலிருந்து நடக்கின்றன. சாக்கடை அடைத்துக் கொசு பெருகினால் "யாரிடம் சொல்வது?" என்று தோட்டத்துப் பழக்கத்தில் மண்டோரைத் தேட வேண்டாம். வரிக் காகிதத்தில் உள்ள உங்கள் கணக்கு எண்ணைக் குறித்து, மன்றத்துக்குப் புகார் எழுதுங்கள். பணம் கட்டுகிறவர் கேட்பது பிச்சை அல்ல. அதே சமயம், சாக்கடை சரியில்லை என்பதற்காக வரியை நிறுத்தி வைக்காதீர்கள். புகார் வேறு, வரி வேறு. நிறுத்தினால் நிலுவை உங்கள் பெயரில்தான் ஏறும்.

இன்றே செய்யக் கூடியது ஒன்று உண்டு. ஒரு கோப்பு வாங்குங்கள். மதிப்பீட்டு வரிக்கு ஓர் அடுக்கு, நில வரிக்கு ஓர் அடுக்கு, அடுக்குமாடியாக இருந்தால் பராமரிப்புக்கு ஓர் அடுக்கு. காலண்டரில் பிப்ரவரி, மே, ஆகஸ்டு மாதங்களின் கடைசி நாளைச் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். கடைசியாக வந்த காகிதத்தை எடுத்து, பெயர் சரியா, முகவரி சரியா, மதிப்பு எவ்வளவு என்று மூன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். கண் மங்கியவர்கள் பேரப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்றார்கள். நாம் போடுவது ஆற்றில் அல்ல, நாம் வாழும் ஊரில். அப்படியிருக்க, அளக்காமல் போடலாமா?

உங்கள் காகிதத்தில் விளங்காத சொல் ஏதாவது இருந்தால் ஆசிரியர் குழுவுக்கு எழுதுங்கள். பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டுச் சொல்லை மட்டும் எழுதினால் போதும். அடுத்து வரும் இதழ்களில் விளக்கம் தருகிறேன்.